பகலில் தூங்கியவர்

எங்கள் தெருமுனையில் மின்கம்பத்தோடு சேர்த்து ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருக்கிறார்கள். நினைவஞ்சலிப் பேனர். வெயிலில் வெளுத்துப்போனால் அவர் பிள்ளைகள் புதிதாக அடித்து மாட்டிவிடுவார்கள். அந்த விஷயத்தில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. மேலே 'உழைப்பின் சிகரமே' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். நடுவில் அவர் படம். காக்கிச் சட்டையைத் தவிர வேறெதிலும் நான் பார்த்திராத மனிதருக்குக் கம்ப்யூட்டரில் கோட்டு மாட்டி, டை கட்டிவிட்டிருக்கிறார்கள். அதுகூடப் போகட்டும். இரண்டு கண்களையும் அகலத் திறந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பால் வாங்கப் போகும்போது அந்தக் கண்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்தத் தெருவைப் பகல் வெளிச்சத்தில் அவர் அப்படிப் பார்த்ததே கிடையாது. பகலில் தூங்கியவர் அவர். தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தவர்.

அவர் எங்கள் வீட்டு ஓனர். கல்யாணமாகிப் பேரிகை கிராமத்திலிருந்து ஓசூருக்கு வந்த நாள் முதல் அவர் வீட்டின் பக்கத்துப் போர்ஷனில்தான் குடியிருக்கிறேன். என் வீட்டுக்காரருக்குக் கம்பெனி வேலை, எனக்குத் தையல். இரண்டு போர்ஷனுக்கும் நடுவில் ஒரே சுவர். ஹாலோ பிளாக் வைத்து ஒற்றையாகக் கட்டியது. அந்தப் பக்கம் அவர்கள் ஹாலில் தொடங்கி அவர் படுக்கும் அறைவரை அது நீளமாகப் போகும். இந்தப் பக்கம் முழுவதும் என் முன்னறை. ஜன்னல் வெளிச்சம் அங்கே விழுவதால் என் தையல் மிஷினை அந்தச் சுவரை ஒட்டித்தான் போட்டேன்.

போட்டு மிதிக்க ஆரம்பித்த முதல் நாளே சுவரில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. ஏதோ விழுந்தது என்று நினைத்து மறுபடி மிதித்தேன். மறுபடி இரண்டு தட்டு. கொஞ்ச நேரத்தில் ஓனரம்மா வாசலில் வந்து நின்றார். செருப்பில்லாமல், குதிகாலைத் தரையில் ஊன்றாமல் வந்திருந்தார். அவர் வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ். இரண்டையும் அவர் காற்றாகத்தான் பேசுவார், தொண்டையிலிருந்து சத்தமே வராது.

"மெல்லகா, மெல்லகா. அவரு நைட் ஷிப்டு முடிச்சிட்டு இப்பத்தான் படுத்தாரு."

"அக்கா, மிஷினை மெல்லமா எப்பிடிக்கா மிதிக்கிறது? இது தையல் மிஷினுக்கா."

"நான் செவுத்துல தட்டினா கொஞ்சம் நிறுத்தும்மா. அது போதும்."

அப்படித்தான் உடன்படிக்கை ஆனது. ஹாலிலிருந்து இரண்டு தட்டு தட்டினால் நான் நிறுத்த வேண்டும். நிறுத்துவேன். ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பேன். பிழைப்பு நடக்க வேண்டுமே. அடுத்த தட்டு வரும்வரை ஓட்டுவேன். அந்தச் சுவர் எங்கள் இருவருக்கும் டெலிபோன் மாதிரி ஆகிவிட்டது. அதில் பேச ஒரே ஒரு விஷயந்தான் இருந்தது.

அவர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பிரஸ் ஷாப் ஆள். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடித்துக்கொண்டே இருக்கிற இடம். மற்றவர்கள் வாரத்துக்கு வாரம் ஷிப்டு மாறுவார்கள். இவர் யாருக்கு நைட் வந்தாலும் வாங்கிக்கொள்வார். நைட்டுக்கு அலவன்ஸ் உண்டு. அந்த அலவன்ஸில்தான் முதலில் இந்த வீடு, பிறகு எங்கள் போர்ஷன், பிறகு மாடி, இரண்டு பையன்களின் படிப்பு, ஒரு பெண்ணின் கல்யாணம் எல்லாம் நடந்தன. பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்தில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருவார். சாப்பிட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். மத்தியானத்துக்குமேல் எழுந்து குளித்து, சாப்பிட்டு, சாயங்காலம் மறுபடி டிபன் பாக்ஸோடு தெருமுனைக்குப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம். ஆயுத பூஜை அன்றுகூடப் பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, படுத்து எழுந்து போனவர்.

அவர் தூங்குவதற்காக அந்த வீடு என்னென்ன செய்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். குக்கர் கிடையாது, விசில் அடிக்கும் என்று சோறு பானையில்தான் வெந்தது. மிக்ஸி அவர் பஸ் ஏறிய பிறகுதான் ஓடும். காலிங் பெல்லை ஒயரோடு பிடுங்கிவிட்டார்கள். காய்கறி வண்டிக்காரன் எங்கள் வாசல் வந்ததும் வாயை மூடிக்கொண்டு கையால் கத்தரிக்காயைத் தூக்கிக் காட்டுவான். பிள்ளைகளுக்குச் சிரிப்பு வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொண்டு சிரிக்கும். டிவியைச் சத்தமில்லாமல் வைத்துப் படம் மட்டும் பார்ப்பார்கள், யார் என்ன பேசுகிறார்கள் என்று அவர்களே கற்பனை செய்துகொள்வார்கள். ஒரு வருஷம் தேர்த் திருவிழாவுக்கு மேளக்காரர்கள் எங்கள் தெரு வழியாக வந்தார்கள். ஓனரம்மா நடுத்தெருவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர்களும் எங்கள் வீட்டைத் தாண்டும்வரை மேளத்தைத் தோளில் சுமந்துகொண்டு சும்மா நடந்து போனார்கள். பிணம் போகிற மாதிரி இருந்தது என்று அன்றைக்கே என் வீட்டுக்காரர் சொன்னார்.

ஓனரம்மாவுக்கு அதில் பெருமை உண்டு. "எங்க வூட்ல ஊசி விழுந்தா கேக்கும்" என்பார். புருஷனுக்கு அவர் செய்த பணிவிடை அது. காலை அமுக்கவில்லை, விசிறி வீசவில்லை. சத்தத்தைக் கொன்று கொடுத்தார்.

அந்தச் சமயத்தில் எனக்கும் ஒரு நாள் இரக்கம் வந்து தொலைத்தது. மிஷினை எதிர்ச் சுவருக்கு நகர்த்திவிடலாம், வெளிச்சத்துக்கு ஒரு டியூப் லைட் போட்டுக்கொள்ளலாம் என்று ஓனரம்மாவிடம் சொன்னேன். அவருக்கு ஏக சந்தோஷம். அன்று சாயங்காலம் நான் மாவு அரைக்கக் கொடுத்துவிட்டு வரும்போது, தெருமுனையில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றவர் என்னைக் கூப்பிட்டார். வீட்டுக்குள் அவர் வாயைத் திறந்து பேசி நான் கேட்டதே இல்லை. தெருவில் அவர் குரல் அவ்வளவு பெரிதாக வந்ததில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஏம்மா, வூட்ல கைஜாடை காட்டினா, மிஷின நகத்தப் போறியாமே?"

"ஆமாண்ணா. உங்களுக்குத் தொந்தரவா இருக்குதுன்னு அக்கா சொல்லிச்சு."

"நகத்தாத. அங்கியே இருக்கட்டும்."

நான் விழித்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு, அதே பெரிய குரலில் சொன்னார்.

"எனக்குக் காது அவ்வளவா வேல செய்யலம்மா. பிரஸ்ஸுகிட்ட நின்னு நின்னு போச்சு. நான் பர்கூர்ல கல்லு ஒடைக்கிற எடத்துல பொறந்து வளந்தவன். சின்னதுலேர்ந்து எனக்குச் சத்தம் இருந்தாத்தான் தூக்கம் வரும். இங்க கட்டில செவுத்த ஒட்டிப் போட்டிருக்கன். உன் மிஷினு ஓடினா கட்டிலு லேசா அதுரும். அந்த அதிர்வு முதுவுல பட்டா கண்ணு சொக்கிடும். அது நின்னு போச்சுன்னா திக்குனு முழிப்பு வந்துடுது. கம்பெனில லைன் நின்னு போச்சோன்னு நெஞ்சு அடிச்சுக்குது."

"அப்போ அக்கா செவுத்துல தட்டறது?"

"அது தட்டினா நீ நிறுத்திடற. நான் முழிச்சுக்கறன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "இத அக்காகிட்ட சொல்ல வேண்டிதுதானேண்ணா?" என்று கத்தினேன். அதுவரை என் வாயசைவைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறார், கத்தினால்தான் அவருக்குக் கேட்டது.

"எப்பிடிம்மா சொல்றது? எவ்வளோ பாடுபட்டு வூட்ட அமைதியா வெச்சிருக்கா. அதப் போயி வேணாம்னு சொன்னா மனசு ஒடைஞ்சுடாதா? அதோட, அவ தம்பி எங்க கம்பெனிலதான் இருக்கான். காது கேக்கலன்னு அவன் காதுக்குப் போச்சுன்னா என்ன பிரஸ் ஷாப்ப விட்டு மாத்திடுவாங்க. நைட் போயிடும். நீ ஓட்டு, அது போதும்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. காது விஷயத்தையும், மிஷின் அதிர்வில்தான் அவர் தூங்குகிறார் என்பதையும் ஓனரம்மாவிடம் சொல்லியே விட்டேன். தம்பியிடம் சொல்லாதீர்கள் என்றும் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சத்தமே வராமல் சிரித்தார். "அவருக்கா? பூனை நடந்தாக்கூட முழிச்சுக்குவாரு. உனக்கு மிஷினு ஓட்டணும், அதுக்கு ஒரு சாக்கு" என்றார். அதற்குமேல் நான் என்ன செய்ய? அவர் கட்டி வைத்திருந்த அமைதி, யாருக்கும் தேவைப்படாத அமைதி என்று எந்தப் பெண்தான் ஒத்துக்கொள்வாள்? மிஷினை நகர்த்தாமல் விட்டதற்காக மட்டும் என்னிடம் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு சமயம் என் வீட்டுக்காரர் மிஷினுக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்தார். கால் வலிக்காது, வேலை சீக்கிரம் முடியும். இரண்டு நாள் ஓட்டியிருப்பேன். தெருமுனையில் பார்த்தபோது அவர் முகம் வீங்கியிருந்தது. "மிஷினுக்கு என்னாம்மா ஆச்சு? கட்டிலுக்கே வர மாட்டேங்குது?" என்றார். மோட்டார் சத்தம் கிர்ரென்று காற்றில் போகிற சத்தம். சுவருக்குள் இறங்காது போலிருக்கிறது. அதற்காக நான் மோட்டாரைக் கழற்றவில்லை. அவ்வளவு பெரிய தியாகி இல்லை நான். அது தானாகவே வோல்டேஜ் ஏறி ஒரு நாள் புகைந்துபோனது. பழையபடி காலால் மிதிக்க ஆரம்பித்தேன். அடுத்த நாள் சாயங்காலம் கடைத்தெருவிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்து என் வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

இதுவரைக்கும் சிரிக்கிற கதைதான். இனிமேல் அப்படி இல்லை.

அந்த வீட்டுப் பிள்ளைகள் கிசுகிசுத்துப் பேசியே வளர்ந்தவர்கள். அவர் வெளியூர் போய்விட்டால்கூட அவர்களுக்குக் குரல் எழும்பாது. அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால், அவர் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்புகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், பக்கத்தில் நின்று முணுமுணுப்பார்கள். அவருக்கு ஒரு எழுத்தும் விழாது. கேட்கவில்லை என்று சொல்ல அவருக்கு மனசு வராது. "ஆகட்டும்" என்பார். எது சொன்னாலும் ஆகட்டும். சைக்கிள் வேண்டும், ஆகட்டும். ஸ்கூலில் கையெழுத்து வேண்டும், ஆகட்டும். அம்மா திட்டுகிறாள், ஆகட்டும். எங்கப்பா எதற்கும் இல்லை என்று சொல்ல மாட்டார் என்று பிள்ளைகள் சின்ன வயசில் பெருமையடித்துக்கொள்வார்கள்.

பெண்ணுக்குக் கோலார் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. தாய்மாமன் பார்த்து முடித்த இடம். அவளுக்குப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் சொல்லிப் பயனில்லை என்று அப்பாவிடமே போயிருக்கிறாள். அவர் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தபோது, "அப்பா, எனக்கு இந்த எடம் வேணாம்பா. எப்பிடியாவது நிறுத்திடுப்பா" என்று அந்த வீட்டுக் குரலில் சொல்லியிருக்கிறாள். அவர் நிமிர்ந்து, அவள் தலையைத் தடவி, "ஆகட்டும்மா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவளும் அப்பா நிறுத்திவிடுவார் என்று நிம்மதியாக இருந்தாள். அடுத்த வாரம் நிச்சயதார்த்தம் நடந்தது. தட்டு மாற்றியது அவர்தான்.

கொஞ்ச வருஷத்தில் கையில் ஒரு குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தபோதுதான் இதையெல்லாம் சொன்னாள். நான் அவளுக்கு அப்பாவின் காதைப் பற்றிச் சொன்னேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லணும் இல்லக்கா? எதுக்கு ஆகட்டும்ங்கணும்?"

அவர்மேல் எனக்குப் பிரியம் உண்டு. ஆனால் அந்தப் பெண் கேட்டது நியாயமான கேள்வி. யார் மனசும் நோகக்கூடாது என்று வாழ்கிற மனிதர்களால் எவ்வளவு பேருக்கு எவ்வளவு நோகிறது என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அவள் அதற்குப் பிறகு அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அது தெரியுமா என்பதே சந்தேகந்தான். பேசினாலும் பேசாவிட்டாலும் அவருக்கு ஒன்றாகத்தானே கேட்டிருக்கும்.

ரிட்டயர் ஆன அன்று கம்பெனியில் சால்வை போர்த்தி ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். ஹாலில் மாட்டினார்கள். டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்று ஓனரம்மா மறுநாளே பேட்டரியைக் கழற்றிவிட்டார். இப்போதும் அது அங்கேதான் நிற்கிறது, ஓடாமல்.

முதல் முறையாக அவர் பகலில் விழித்திருந்தார். வேட்டியைக் கட்டிக்கொண்டு ஹாலில் வந்து உட்காருவார். அவர் உட்கார்ந்ததும் பிள்ளைகள் பேச்சை நிறுத்துவார்கள். பழக்கம். கொஞ்ச நேரம் எல்லோரும் மொபைலைப் பார்ப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து மாடிக்குப் போய்விடுவார்கள். அங்கே போய்ப் பேசிச் சிரிப்பது எனக்கே கேட்கும். அவர் மட்டும் ஓடாத கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் என் வாசலுக்கு வந்து, "வூட்ல இருந்தா அல்லாருக்கும் சிரமமா இருக்குதும்மா" என்றார். அதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

அடுத்த மாசமே அத்திப்பள்ளியைத் தாண்டி ஒரு அப்பார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நைட் டூட்டிதான். காது கேட்காத காவல்காரர். பெங்களூரு பஸ்ஸில் போய், காலையில் அதேபோல் திரும்பி வந்து, சாப்பிட்டுவிட்டு, கதவைச் சாத்திப் படுத்துக்கொள்வார். வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. ஓனரம்மா பழையபடி குதிகாலைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

இப்படிச் சில வருஷம் போனது. ஒரு மார்கழி மாசம், ஓசூர்க் குளிர் எலும்பைக் கடிக்கிற காலையில், மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தவர் என் ஜன்னல் பக்கம் நின்றார்.

"என்னாம்மா, மிஷினு இன்னிக்கு ஓடுமா?"

"தை மாசக் கல்யாண ஆர்டருண்ணா. இன்னிக்குப் பூரா ஓடும்."

"ஓட்டு, ஓட்டு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார்.

அன்று பகல் முழுக்க ஓட்டினேன். ஓனரம்மாவும் என்னவோ ஒரு தட்டுகூடத் தட்டவில்லை. உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள், சமையல் வேலை. மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டியது. அவர் எழுந்தால் பாத்ரூம் குழாய் திறக்கிற சத்தமும், பெரிதாக ஒரு கனைப்பும் வரும். இரண்டும் வரவில்லை. வெயில் சாய்ந்து என் ஜன்னலை விட்டு இறங்கியபிறகும் வரவில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது. மிஷினை விட்டு எழுந்து அந்தப் பக்கம் போனேன். ஹாலில் ஓனரம்மா, பெரிய மருமகள், உறவுக்காரர்கள் எல்லோரும் சத்தமில்லாத டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அண்ணன் இன்னும் எழுந்திரிக்கல போலிருக்குதே?"

"தூங்கறாரு. நேத்து டூட்டில குளிரு. நல்லாத் தூங்கட்டும்."

"இவ்வளோ நேரம் தூங்க மாட்டாருக்கா. கதவைத் திறந்து ஒரு பார்வை பாரு."

"மெல்லகா பேசும்மா."

"என்னக்கா மெல்லகா? போயி கதவைத் திறங்க!"

அந்த வீட்டில் அவ்வளவு சத்தமாக யாரும் பேசியதே இல்லை என்று நினைக்கிறேன். ஓனரம்மா பாய்ந்து வந்து தன் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார். வெங்காய வாசம் இன்னும் நினைவிருக்கிறது. "முழிச்சுக்குவாரு" என்றார், கண்ணை உருட்டிக்கொண்டு. நான் கையைத் தட்டிவிட்டுக் கதவுப் பக்கம் போனேன். உள்தாழ்ப்பாள்கூடக் கிடையாது, தள்ளினால் திறந்துகொள்கிற கதவுதான். மருமகள் குறுக்கே வந்து நின்றாள். "அக்கா, இது எங்க வூடு" என்றாள். வாடகைக்கு இருக்கிறவள் அதற்குமேல் என்ன பேச முடியும்?

பெரிய பையன் வேலை முடிந்து வந்த பிறகுதான் கதவைத் திறந்தார்கள். அதுவும் எதற்கு? அப்பாவுக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது, எழுப்ப வேண்டும் என்பதற்காக. ஆள் என்ன ஆனார் என்று பார்ப்பதற்காக இல்லை.

கட்டிலுக்குப் பக்கத்தில், சுவரோரம் தரையில் கிடந்தார். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் கோணியிருந்தது. முழு நினைவோடு இருந்தார். கண் திறந்திருந்தது. நல்லபடியாக இருந்த கை சுவருக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கத்தில் நான்தான் அன்று பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சத்தம் போட்டிருக்கிறார். காலையிலேயே வந்திருக்க வேண்டும், ஏன் இவ்வளவு நேரம் போட்டு வைத்திருந்தீர்கள் என்று. ஓனரம்மா, தூங்குகிறார் என்று நினைத்தோம் என்றிருக்கிறார். அப்புறம் டாக்டர் இன்னொன்றும் கேட்டாராம். "இவருக்குக் காது எத்தனை வருஷமாம்மா கேக்கல?"

இதைப் பெரிய பையன் வந்து சொன்னபோது, எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நான் சொன்னதுதானே. ஒரு சந்தோஷமும் வரவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து அதே அறையில், அதே கட்டிலில் போட்டார்கள். ஆனால் அந்த வீடு தலைகீழாகிவிட்டது. ஓனரம்மாவுக்குக் குரல் வந்துவிட்டது. இத்தனை வருஷமாகத் தொண்டைக்குள் போட்டு வைத்திருந்ததையெல்லாம் எடுத்து அவர் காதில் கத்தினார். பெண்ணின் வாழ்க்கையைச் சொல்லிக் கத்தினார். குக்கரில்லாமல் பானையில் சோறு வடித்ததைச் சொல்லிக் கத்தினார். "வாயைத் தொறந்து சொல்லியிருந்தா என்னா? நான் என் வாயைக் கட்டிக்கிட்டு வாழ்ந்தேனே, யாருக்காக?" என்று கத்தினார். தெருவே கேட்டது. அவரால் ஆகட்டும் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கோணிய வாயில் ஒன்றிரண்டு சொல் எப்போதாவது வரும், அவ்வளவுதான். பெண் மட்டும் அந்த அறைப் பக்கம் வரவே இல்லை.

ஒரு நாள் கஞ்சி ஊட்டும்போது நானும் அங்கே இருந்தேன். மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிடலாம் என்று அவர் காதருகே குனிந்து கத்தினேன்.

"ஏண்ணா, அன்னிக்குக் கை நல்லாத்தானே இருந்துச்சு? செவுத்துல ஒரு தட்டு தட்டியிருக்கலாம் இல்ல? நான் அந்தப் பக்கந்தானே இருந்தேன்?"

அவர் என்னைப் பார்த்தார். வாய் வெகுநேரம் அசைந்தது. எச்சில் வழிந்தது. துடைத்துவிட்டேன். பிறகு ஒவ்வொன்றாக வந்தது.

"தட்டினா... மிஷின... நிறுத்திடுவ."

ஓனரம்மா கையிலிருந்த ஸ்பூன் கிண்ணத்தில் விழுந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அந்தச் சுவரிலிருந்து எனக்கு ஒரு தட்டும் வந்ததில்லை. அவருடைய கத்தலும் அன்றோடு நின்றது.

இரண்டு மழைக்காலம் இருந்தார். ஒரு நாள் காலையில் போய்ச் சேர்ந்தார். சாவுச் செய்தி போய், பர்கூரிலிருந்து உறவெல்லாம் வர ஆரம்பித்தது. பையன்கள் பந்தல் போடவும் பேனர் அடிக்கவும் ஆள் அனுப்பினார்கள். ஐஸ் பெட்டி வரும்வரை அவரை அந்தக் கட்டிலிலேயே வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும், எப்பேர்ப்பட்ட உழைப்பாளி, குடும்பத்துக்காகவே வாழ்ந்தார் என்று மெதுவான குரலில் பேசிக்கொண்டார்கள். நான் மாலையைப் போட்டுவிட்டு என் போர்ஷனுக்கு வந்துவிட்டேன். அழுகை வரவில்லை. ஆத்திரந்தான் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

பின்வாசல் வழியாக ஓனரம்மா வந்தார். குதிகாலை ஊன்றித்தான் நடந்து வந்தார்.

"மிஷின ஓட்டும்மா."

"அக்கா, சாவு வூடுக்கா. அல்லாரும் என்னா நெனைப்பாங்க?"

"பொட்டி வர வரைக்கும் ஓட்டு" என்றார். வேறெதுவும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார்.

உட்கார்ந்தேன். நூல் கோக்கவில்லை, துணி வைக்கவில்லை. வெறும் மிஷினை மிதித்தேன். கட்டில் அதிர்ந்திருக்கும். இனி அதிர்ந்து என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. ஆனாலும் மிதித்தேன்.

கொஞ்ச நேரத்தில் சுவரில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. பெரிய பையன்தான். "அக்கா, ஆளுங்கெல்லாம் வந்திருக்காங்க, கொஞ்சம் நிறுத்துங்க" என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தான். மிஷின் ஓடுகிற சத்தத்திலும் அந்தத் தட்டு எனக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்டது. மறுபடி தட்டினான். நான் காலை எடுக்கவில்லை.